எழுநூற்று நாற்பது யூரோ

கெமியில் மார்ச்சிலும் கடல் உறைந்தே கிடக்கிறது.
காகித ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
கையுறையைக் கழற்றாமலே எண்ணுகிறேன்:
எழுநூற்று நாற்பது.

இருபது வயது ஸாப். எனக்கு ஏழு வயது இளையது.
டர்போ விழிக்கையில் ஒரு முனகல் வரும்,
கெட்டிலில் நீர் கொதிப்பதற்குச் சற்று முன் வருமே, அது.
அதற்காகத்தான் வாங்கினேன்.
வேறு காரணம் சொன்னால் பொய்.

பெரிய இன்டர்கூலர்.
மூன்றங்குல எக்ஸாஸ்ட்.
புது மேப் ஏற்றினால் நாற்பது குதிரை கூடுமாம்.
இரவெல்லாம் காகிதச் சுருள்கள் ஓட ஓட
நான் குதிரைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் தோழன் நீலோ பானட்டைத் திறந்தான்.
காற்றை ஏற்றிச் சோப்பு நீர் தெளித்தான்.
ரப்பர் குழாயின் அடிமடிப்பில்
ஒரு குமிழி,
பின்னாலேயே குடும்பமாய்க் குமிழிகள்.
"உன் குதிரைல பாதி இந்த ஓட்டை வழியா ஓடுது, ஏரிகா."

குழாய் பதினொன்று.
ஸ்பார்க் பிளக் நாலும் சேர்ந்து முப்பத்தாறு.
அப்போ எக்ஸாஸ்ட், என்று வாயெடுத்தேன்.
அவன் பேசாமல் முன்சக்கரத்தைக் கழற்றினான்.
பிரேக் பேட், நனைந்த அட்டை கனம்.

பிரேக்குக்கு முந்நூறு.
நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்ட முடியாத செலவு.

இன்று விடியலில், ஆற்றோரச் சாலையில்,
மூன்றாம் கியரில் மிதித்தேன்.
முனகல் சீழ்க்கையாகி
முதுகை இருக்கையில் அறைந்தது.
சத்தியமாய்ச் சிரித்தேன், தனியாக.

வளைவில் ஒரு கலைமான்.

வண்டி நின்றது, எட்டடி முன்னால்.
அது எதையோ மென்றபடி
என்னை விலை விசாரிப்பதுபோல் பார்த்தது.

மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
எக்ஸாஸ்ட் இன்னும் வேண்டும்தான்.