ஹேண்ட் பிரேக்

சிரிப்பு என் பொறுப்பு.
திபிலீசியில் நான்காம் மாடி, ஜன்னலில்லாத அறை,
மேசைக்கு அடியில் ஹீட்டர்.
நாற்பத்தியொரு சிரிப்பு வைத்திருக்கிறேன்.
பெயரும் நான்தான் இட்டேன்:
மூக்கால் வருவது, பின்வரிசை,
புரிந்த பிறகு வருவது.

லமாரா படம் வெட்டுகிறாள்.
வாரம் ஒரு பாகம், வெள்ளி இரவு எட்டரை.

இந்த வாரம் வாஷா தெருவில் நின்று போன் பேசுகிறான்.
மனைவி இத்தாலியில், பாரி நகரத்தில்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சம்பாதிக்கிறாள்.
அந்தப் பணத்தில் வாங்கிய கார்
அவனுக்குப் பின்னால், ஏற்றத்தில், வெள்ளையாக.
"இங்கே எல்லாம் வச்சது வச்ச இடத்துல இருக்கு"
என்கிறான்.
கார் மெல்லப் பின்வாங்குகிறது.

அவ்வளவுதான் காட்சி. தாளில் மூன்றே வரி.
மூன்று விதமாக எடுத்து வந்திருந்தான் ஸூராப்.

சக்கரத்தை மட்டும் காட்டியது ஒன்று.
ஒரு கல் நசுங்கிற்று.
நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
"இது விபத்து" என்றாள் லமாரா.
"இதுக்கு யாராவது சாகணும்."

முகத்தை மட்டும் காட்டியது இன்னொன்று.
வாஷாவின் கீழிமையில் ஒரு துடிப்பு,
சொல்வது பொய்யென்று அதற்குத் தெரிந்திருந்தது.
காரே வேண்டியிருக்கவில்லை.
ஹீட்டரை அணைத்துவிட்டு இருவரும் சும்மா இருந்தோம்.

மூன்றாவதில் கேமரா
எதிர் நடைபாதைக்கு நகர்ந்துவிட்டது.
முழுத் தெரு. கொடியில் ஒரு போர்வை.
வாஷா கட்டைவிரல் அளவு.
கார் அவன் ஒரு தோளில் மறைந்து
மறு தோளில் வெளிவந்து
திரையின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று,
மொய் எழுதாமல் நழுவும் உறவினர் மாதிரி.
அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

சிரித்தேன். என் வாயால்.
பட்டியலில் இல்லாத சிரிப்பு.

கார் போன பிறகும் லமாரா வெட்டவில்லை.
காலித் தெரு.
ஒரு நொடி.
இரண்டு.
மூன்றாவதில் ஒரு நாய் வந்தது,
யாரும் அழைக்காத, சம்பளமில்லாத நாய்.
கார் போன திக்கைப் பார்த்தது,
வாஷாவைப் பார்த்தது,
வந்த வழியே திரும்பிப் போயிற்று.
"இங்கே" என்று விசையைத் தட்டினாள்.

"பதினேழாம் நம்பர் சிரிப்பைப் போடவா?"
"கையை வெட்டுவேன்."
"சேனல்காரன் கேட்பான்."
"கேட்கட்டும். நீ தோளைத் தட்டினா
அவங்க உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க.
தெருவை யார் பார்ப்பாங்க?"

வெள்ளி இரவு ரொட்டிக்கடை வரிசையில் நின்றேன்.
அலமாரிக்கு மேல் சின்ன டிவி, எண்ணெய்ப் பிசுக்கோடு.
கார் நகர்ந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
என் வயிற்றில் பனிக்கட்டி.
போர்வை அசைந்தது. நாய் வந்தது.
அது திரும்பிப் போன நேரத்தில்தான்
எத்தேரி சிரித்தாள்,
மாவுக் கையோடு, உடம்பு குலுங்க.
அடுப்புக்குள் விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் கணவன் கேட்டான்:
"கார் எங்க போய் நின்னுது?"
படம் சொல்லவில்லை.
அடுத்த காட்சியில் யாரோ வெங்காயம் நறுக்கினார்கள்.

எத்தேரி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.
நெற்றி வரைக்கும் வெள்ளைத் தீற்று.
"என் தங்கச்சியும் பாரியிலதான்" என்றாள்.
"நானும் அவகிட்ட இதையேதான் சொல்றேன்."
சொல்லிவிட்டு ரொட்டியைத் தாளில் சுற்றினாள்,
சில்லறை எண்ணினாள்,
நினைத்து மறுபடி சிரித்தாள். இது வேறு சிரிப்பு.

நாற்பத்திரண்டாவது என்று வைத்திருக்கலாம்.
பதிவுக் கருவி கையில் இல்லை.

ரொட்டி விரலைச் சுட்டது.
பாதி ஏற்றம் ஏறிய பிறகு
திரும்பி இறங்கினேன்,
என் காரை ஒருமுறை பார்த்துவிட்டு வர.