மேலே வெங்காயம்

வாளையாறில் எடைமேடை. இரவுப் பணி எனக்கு.
லாரி ஏறும், எண் துடிக்கும், அடங்கும்.
சரக்கோடு ஓர் எடை, வெறும் வண்டி ஓர் எடை,
கழித்தால் மிச்சம். எண்பது ரூபாய். சீட்டு.
நடுவே ஞாயிறு இணைப்பின் குறுக்கெழுத்தை
நான்காய் மடித்து மேசைவிரிப்புக்கு அடியில் வைத்திருப்பேன்.
செவ்வாய் வரை தாங்கும்.

எக்சைஸ் சாவடிச் சுகதன் பாட்டில் நிரப்ப வருவார்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஜன்னலில் குனிந்து
"வெள்ளம் உண்டோ சேச்சி?" என்று கேட்டதும்
எழுந்து ஆற்றுப் பக்கம் பார்த்தவள் நான்.
அவருக்குத் தமிழ் பேச வரும்.
படிப்பது மட்டும் பேருந்துப் பலகைகளில் பழகியது,
எழுத்து எழுத்தாக, நிறுத்தம் நிறுத்தமாக.
அப்படித்தான் ஒருநாள் என் தோளுக்கு மேலே படித்தார்:
'கவலையின் தலை போனால் மீன் பிடிக்கலாம். இரண்டெழுத்து.'
"இது எந்தா, வைத்தியமா?"

வலை என்றேன். 'க' போனால் வலை.
நடுவெழுத்து போயிருந்தால் கலை.
படிக்கிறபோது ஒன்று தெரியும்,
அது தெரியட்டும் என்றே எழுதியிருப்பார்கள்,
விடை அதற்கு அடியில் கிடக்கும் என்றேன்.
அவர் சிரித்தார்.
"மேலே வெங்காயம். அடியில் ஸ்பிரிட் கேன். மனசிலாயி."
பதினோரு வருடமாய் மூட்டைகளை
இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்கிறவர்.

அதன்பின் பொருள் தெரியாத வாக்கியத்திலும்
அவருக்கு வாடை வந்துவிடும்.
'குழம்பி' என்று ஒரு சொல், 'திரும்பி' என்று ஒரு சொல்.
விரலை வைப்பார்:
"இவன் இங்கே சும்மா நிக்கிறான் சேச்சி,
டிரிப் ஷீட்டில் பேரில்லாத கிளீனர்போல."
எழுத்துகளைக் கலைத்துப் போடுவது என் வேலை.

விடை வந்து விளக்கம் வராத இரவுகளும் உண்டு.
'கொடு மான், குளத்தில் பூக்கும் (3)'.
தாமரை. சுற்றியுள்ள கட்டங்கள் எல்லாம் ஒத்துக்கொண்டன.
தா, கொடு. சரி.
மரை எப்படி மானாகும்?
ஆணியில் இருப்பதுதானே மரை?
மறுவாரம் பத்திரிகை விடையை அச்சிட்டது.
காரணத்தை எந்த வாரமும் அச்சிடுவதில்லை.
எனக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்றார் பங்க் பையன்.
கூடலூரிலிருந்து தேயிலை ஏற்றி வந்த சந்தனராஜ்
வெறும் வண்டியை மேடையில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:
"எங்கப்பா கண்டியில பிறந்தவர்.
கொம்பு வச்ச பெரிய மானை மரைன்னுதான் சொல்வார்."
அன்று அவர் சீட்டுக்குக் காசு வாங்கவில்லை.
முதலாளிக்கு என் கையிலிருந்து எண்பது.

இன்னொன்று, இரண்டு நாள் என்னைச் சுற்றவிட்டது.
'மீனோடு அரை டஜன், சோதனை இங்கே (4)'.
சுகதன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே
"வாள" என்றார். அவர்கள் ஊரிலும் அதே மீன்.
ஆறு அவர்களுக்கும் ஆறுதான்.
உட்கார்ந்திருந்த இடத்தையே நான் பார்க்கவில்லை.
வெளியே நெடுஞ்சாலைப் பலகையில் வாளையார்,
யாரோ பெரிய மனிதரைப்போல 'ர்' போட்டு.
கட்டத்துக்கு 'று' வேண்டும்.
மேலிருந்து கீழ் மூன்றும் அதையே கேட்டது.

நேற்று அவரே ஒன்று எழுதி வந்தார்,
பழைய எடைச்சீட்டின் பின்புறம், பால்பாயிண்டில்:
'நான் குடிப்பேன். நீங்கள் ஓடுவீர்கல் (4)'.
கடைசியில் 'ல்' தப்பு. ஆனால் சொல் எல்லாம் வேலை செய்கிறது,
சும்மா நிற்கும் ஆள் ஒருவரும் இல்லை.
பாட்டிலைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை.
"கஷ்டம்" என்றேன், "ரெண்டு நாள் கொடுங்கள்."
அவர் சாவடிக்குப் போகும்போது
நடையில் ஒரு மிதப்பு.

சிமெண்ட் லாரி ஏறியது.
எண் துடித்து நிற்பதற்குள்
நான்கு கட்டம் வரைந்து
முதல் மூன்றை நிரப்பினேன்.
'ம்'மை அவர் வந்து போடட்டும்.