மூக்குப்படி

ஜெலுத்தோங் சலவைக் கம்பனியில்
கணக்கெழுதும் வேலை எனக்கு.
காலை ஆறே முக்காலுக்கு மட்டும்
நான் ஒரு மூக்கு.

ஒன்பது வேன். ஒன்பது கதவு.
திறந்து, தலையை உள்ளே நீட்டி,
ஒரே ஒரு இழுப்பு.
தாளில் இரண்டு கட்டம்:
புகை உண்டு. புகை இல்லை.
இதற்கு மாதம் முப்பது வெள்ளி கூடுதல்.
சம்பளச் சீட்டில் 'இதர படி' என்று வரும்;
ஓட்டுநர்கள் வைத்த பெயர் மூக்குப்படி.

பத்து பெரிங்கியில் ஏதோ ஒரு ஹோட்டல்.
தேனிலவுக்கு வந்த யாரோ
தலையணை உறையில் சிகரெட் நாற்றமென்று
நடுராத்திரியில் போன் போட்டார்களாம்.
மறுநாளே மிஸ்டர் கோ சுவரில் ஒட்டினார்:
முதல் தடவை நூற்றைம்பது,
இரண்டாவது முந்நூறு,
மூன்றாவது, சாவியை மேசையில் வை.
மூன்று மொழியில் அச்சடித்ததில்
தமிழில் மட்டும் 'புகைபிடிக்காதிர்'.
விட்டுப்போன சுழியை
நான்தான் பேனாவால் போட்டேன்.

பிடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.
ரோஸ்லான் கிராம்பு மிட்டாய் மெல்வான்.
பிறைக்குப் போகிற இன்னாசி
கண்ணாடியை இறக்கிவிட்டு
பாலத்தின் காற்று முழுவதையும் உள்ளே விடுவார்.
ஆ ஹெங் ஒருமுறை
டாஷ்போர்டில் பாதி டுரியானை வைத்தான்.
மறுநாள் சுவரில் டுரியானுக்கும் ஒரு தாள்.

என்னை ஏமாற்ற முடியாது.
இருக்கைத் தையலில், சீட்பெல்ட் நாடாவில்
புகை போய் உட்கார்ந்துகொள்ளும்,
கடன்காரன் வாசலில் உட்காருவது மாதிரி.
ஏழு மாதத்தில் பதினோரு கடிதம் தட்டினேன்.
இன்னாசியின் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகாதது
எந்தக் கடிதத்தால் என்றுகூடத் தெரியும்.

ஏழாம் எண் தெய்வீகனுடையது.
அவன் புகைப்பதில்லை.
அதனால் அந்தக் கதவை
அரை மனதோடுதான் திறப்பேன்.

அன்று திறந்தால்
சோப்பு. ஈரத் துண்டு. பற்பசை.
தூங்கி எழுந்த உடம்பின் கதகதப்பு.
எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிசாய், புகை.
சிகரெட் இல்லை.
இருக்கைக்குக் கீழே சாம்பல்
சுருண்ட வடிவம் கலையாமல் கிடந்தது:
கொசுவர்த்தி.

ஆயர் ஈத்தாமில் அறை வாடகை ஏறிவிட்டதென்று
ரோஸ்லான் போன வாரம் ஏதோ சொன்னான்.
யாருடைய அறை என்று
நான் கேட்கவில்லை.

தாளில் இரண்டே கட்டம்.
சுவரிலோ 'எவ்வகைப் புகையும்' என்றிருக்கிறது.
அந்த வரி என் மொழிபெயர்ப்பு.

'இல்லை'யில் கோடு போட்டேன்.
நிமிர்ந்தபோது
குழாயடியில் அவன் நின்றிருந்தான்,
பாதி முகத்தில் நுரை, கையில் ரேசர்,
நான் முகர்ந்ததைப் பார்த்தபடி.
கோடு எந்தக் கட்டத்தில் என்பது
அங்கிருந்து தெரியாது.

மறுநாள் ஏழாம் எண்ணில் புகை இல்லை.
சத்தியமாக இல்லை.
மூட்டை ஏற்ற அவன் குனிந்தபோது
பிடரி முழுக்கத் தடிப்பு,
காதுமடலில் இரண்டு.
சொறியாமல் கையெழுத்துப் போட்டான்.
யாரும் விதிக்காத அபராதத்தை
ராத்திரி முழுக்கத்
தவணை தவணையாய்க் கட்டியிருக்கிறான்.

மாதக் கடைசியில் என் முப்பது வெள்ளி வந்தது.
சந்தையில் செராய் எண்ணெய் ஒரு புட்டி, பன்னிரண்டு.
தேய்த்தால் போதும், கொளுத்த வேண்டாம்.
சுவரில் உள்ள எந்த வரியும் அதைத் தடுக்கவில்லை;
இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.
ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்,
பெயர் எழுதாமல்.

இன்றோடு நாலு நாள்.
கதவைத் திறக்கிறேன், இழுக்கிறேன்:
சோப்பு. துண்டு. ரப்பர் விரிப்பு.
புட்டி வைத்த இடத்திலேயே நிற்கிறது.
மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக்கூடக் கிழியவில்லை.

காலையில் அந்தக் கதவைத் திறப்பது
யாருடைய கை என்று அவனுக்குத் தெரியும்.
அவன் இடத்தில் இருந்தால்
நானும் திறந்திருக்க மாட்டேன்.

அடுத்த வேன்.
கதவு. இழுப்பு.
கிராம்பு.