நாற்பது சதுர மீற்றர்

ஞாயிறு மூன்று மணி. மாங்குளம் சந்தியில்
இரும்புக்கடைக்கு மேலே ரியூற்றறி.
கீழே தகரம் வெட்டுகிற சத்தம்.
அது ஓயும்வரை டிலோஜன் சேர் வாய் திறக்கமாட்டார்,
வெண்கட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நிற்பார்.
இருபத்துமூன்று வயது. எங்களில் எவரையும்விட இளையவர்.
'அக்கா' என்று கூப்பிட்டு, நாக்கைக் கடித்து,
'மிஸ்' என்பார்.

இன்றைக்குப் பிரசென்ற் பேர்பெக்ற்.
ஹேவ், ஹேஸ், பிறகு வினையின் மூன்றாவது உருவம்.
தையல் பக்டரிப் பிள்ளைகள் முணுமுணுக்க,
பஸ் கொண்டக்டர் தவரூபன் மட்டும்
தரிப்பிடம் கூப்பிடுகிற குரலில்:
கோ, வென்ற், கோன், கோன், கோன்!

புத்தகம் கேட்டது:
எப்போதாவது ஒட்டகத்தில் ஏறியிருக்கிறீர்களா?
ஒருபோதும் இல்லை.
பனி விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா?
இல்லை.
விமானத்தில் ஏறியிருக்கிறீர்களா?
"பார்த்திருக்கிறன்," என்றான் தவரூபன், "ஏறேல்லை."
சிரித்தோம். பிறகு
ஒருவரும் சிரிக்காத ஒரு நொடி.
கீழே தகரம் திரும்பத் தொடங்கிற்று.

"நடந்தது முடிஞ்சிருக்கோணும்,
அதின்ர ஈரம் இப்பவும் இருக்கோணும்," என்றார் சேர்.
"நிலம் கழுவியிருக்கு எண்டால், கவனம், வழுக்கும்.
திகதி சொன்னால் பிழை. நேற்று எண்டால் பிழை.
ரண்டாயிரத்தி ஒன்பதில எண்டால்..."
நிறுத்தி, பலகையைத் துடைத்து,
இரண்டாயிரத்துப் பதினெட்டு என்று எழுதினார்.

யசோவதனா பேனையைக் கொப்பியில் ஊன்றியபடி:
"ஹேஸ் பீன் எண்டால் போய்த் திரும்பினவர்.
ஹேஸ் கோன் எண்டால் போய் அங்கயே நிக்கிறவர்.
எங்க எண்டு தெரியாட்டில், சேர்?"
அவர் பின்பக்க விடைகளைப் புரட்டினார்.
அதில் முழுக்கச் சந்தைக்கும் பாரிசுக்கும் போனவர்கள்.

எனக்குத் தமிழ்தான் வந்தது.
போயிருக்கிறார்.
போய், இருக்கிறார்.
இங்கிலீசு கையில் வைத்திருப்பதைக் கொண்டு சொல்வதைத்
தமிழ் இருப்பதைக் கொண்டு சொல்கிறது.
கையை உயர்த்தவில்லை. அது பாடத்தில் இல்லை.

நான் வந்தது ஒரு படிவத்துக்காக.
ஒன்பது வருசமாக முழங்காலில் நின்று மண் சுரண்டுகிறேன்.
முகத்துக்கு முன்னால் கீறல் விழுந்த கண்ணாடி,
முன்னே சிவப்புத் தடி, பின்னே வெள்ளைத் தடி.
மேற்பார்வைக்கு ஏறவேண்டுமென்றால்
பின்னேர அறிக்கை ஆங்கிலத்தில்.
போன கிழமை எழுதினேன்: வீ கிளியர்ட்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது: வீ ஹேவ் கிளியர்ட்.
ஒரு ஹேவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று
சோற்றுப் பார்சலைச் சுற்றி எறிந்தேன் அந்தத் தாளில்.

இன்றைக்கு விளங்கிற்று.
துப்புரவாக்கினோம் என்றால் அது எங்கள் கதை.
துப்புரவாக்கியிருக்கிறோம் என்றால்
நாளைக்கு அந்த மண்ணில் ஒரு ஆள் கச்சான் போடலாம்,
அவரின் மாடு கயிறறுத்துக்கொண்டு ஓடலாம்,
பிள்ளை செருப்பில்லாமல் அதைத் துரத்தலாம்.
அந்த ஹேவுக்குக் கீழேதான் என் கையெழுத்து.

கடைசிப் பயிற்சி, சொந்தமாக இரண்டு வசனம்.
பென்சிலால் எழுத்துக்கூட்டி எழுதினேன்:
இந்தக் கிழமை நாற்பது சதுர மீற்றர் முடித்திருக்கிறோம்.
ஒன்றும் வெடிக்கவில்லை, யெட்.

சேர் குனிந்து வாசித்தார்.
"யெட்டை எடுங்கோ அக்கா."
பிழையா?
"இலக்கணம் சரி. எண்டாலும் எடுங்கோ."

அழிறப்பர் தவரூபனிடம் இருந்தது.
எறிந்தான். பிடித்தேன்.