பத்துக் கிலோவுக்குக் கீழே

காந்திபுரம் ஜெராக்ஸ் கடையில்
"முழு நாளும் நிப்பியா?" என்றார்கள்.
வடவள்ளி மருந்துக் கடைக்குப்
பொம்பளப் புள்ளதான் வேணுமாம்.
டியூசன் சென்டர்க்காரர்
முதல் மாதம் சும்மா வா, பார்க்கலாம் என்றார்.
பேக்கரியில் பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டு
ஒரு தேங்காய் பன் கொடுத்தார்கள்.
அதோடு சரி.

மெஸ் பாக்கி மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
விடுதிப் பலகையில் என் பெயருக்கு நேரே
யாரோ பென்சிலில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்கள்.

துடியலூர் தாண்டி எடைமேடை.
பொங்கியண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"என்ன படிக்கற?"
"எம்.எஸ்சி. புள்ளியியலுங்."
"அப்ப கழித்தல் வரும்?"
"வருமுங்."
"பொழுதோட ஆறு மணிக்கு வா, பத்துக்குப் போயிரு.
பரிச்சைக்கு லீவுன்னு வந்து நிக்காத.
லாரிக்குப் பரிச்சை கெடையாது."

லோடோடு வரும். எழுது.
இறக்கிவிட்டு வரும். எழுது.
பெரியதில் சிறியதைக் கழி.
சீட்டைக் கிழித்து
சன்னல் ஓட்டையில் நீட்டு.
கர்நாடகத்து உருளை, காரமடைக் கறிவேப்பிலை,
கணபதி பவுண்டரிக்குப் போகும் பழைய இரும்பு,
அதற்குள் யாருடைய கட்டிலோ
காலை வெளியே நீட்டிக்கொண்டு.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது
சீட்டின் கடைசிக் கட்டம் எதற்கென்று:
டிரைவருடன். டிரைவர் இன்றி.
லோடோடு ஏறும்போது உள்ளே உட்கார்ந்திருந்தவர்
காலி வண்டியை நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போயிருக்கிறார்.
நான் பார்க்கவில்லை.
எண்பது கிலோ பழனியப்பன்
கிலோ இருபத்தெட்டு ரூபாய்க்கு
உருளைக்கிழங்காக விற்றுப் போயிருந்தார்.

மண்டியிலிருந்து போன்.
பொங்கியண்ணன் சத்தம் போடவில்லை.
சனிக்கிழமைக் கவரில் ஐநூறு குறைந்திருந்தது.
மீதியை எந்தக் கணக்கில் எழுதினார் என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அடுத்த நடைக்கு வந்த பழனியப்பன்
ஒரு சீப்பு நேந்திரம் வைத்தார் சன்னலில்.
"வேணும்னு செய்யலீங் தம்பி."
வேணும்னுதான் செய்தார்.
பழம் நன்றாக இருந்தது.

வகுப்பில் இப்போது அளவீட்டுப் பிழை நடக்கிறது.
பிழை என்பது குற்றமல்ல,
எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தால் போதும் என்கிறார் மேடம்.
நான் கடைசி வரிசையில்
பாதித் தூக்கத்தில் தலையாட்டுகிறேன்.

நேற்று ஒன்பதரைக்கு மேல் வண்டி இல்லை.
குருடிமலைப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாக 50.
நான் ஐம்பத்து நான்கு.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் இதற்கு.
மிச்சம் நாலு கிலோ
எந்தச் சீட்டிலும் ஏறாது,
யாரும் விற்க முடியாது,
எந்தக் கவரிலும் பிடிக்க முடியாது.

பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்.
60.
ரெண்டு புத்தகம், ஒரு கால்குலேட்டர்,
கழுவாத டிபன் பாக்ஸ்:
பத்துக் கிலோவாம்!
கழற்றினேன். 50.
மாட்டினேன். 60.
தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது
முதுகில் வெளிச்சம் விழுந்தது.

கறிவேப்பிலை டெம்போ. அந்த வாசம்.
"சித்தெ எறங்குங் சாமி,
எலை வாடுது."

இறங்கினேன். வண்டி ஏறியது.
"ஏனுங், உள்ளயே இருப்பீங்களா?"
என்று கேட்டு
எழுதிக்கொண்டேன்.