இடது உள்விளிம்பு

கழகத்தின் ஏட்டில் ஒரே ஒரு வரி:
யேர்க்கர் பிரென்வால், தடுப்பாட்டம்,
பதினேழு பருவம், முப்பத்தொரு கோல்,
தண்டனைக்கூண்டில் அறுநூற்றுச் சொச்சம் நிமிடம்.

என் கணக்கு சாணைக்கல்லில் இருக்கிறது.
அவனுடைய இடது கத்தியின் உள்விளிம்பு
மற்றதைவிட இருமடங்கு தேயும்.
வருகிறவனின் மார்பிலிருந்து கண்ணெடுக்காமல்
தன் கோலை நோக்கிப் பின்னாலேயே சறுக்குகிறவன்
எடையை அங்கேதான் வைப்பான்.
மின்சாரம் போன இரவில் நாற்பது கத்திகளை நீட்டினாலும்
விரலால் தடவி அவனுடையதை எடுத்துவிடுவேன்.

அர்விட்ஸ்யவுரிலிருந்து பஸ்ஸில் வந்தபோது பத்தொன்பது வயது.
காலணி இரண்டையும் நாடாவால் முடிந்து
கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.
குழிவு ஆழமாக இருந்தால் கத்தி பனியைக் கடிக்கும், சட்டென்று திரும்பலாம்.
தட்டையாக இருந்தால் வழுக்கிக்கொண்டே போகலாம்.
"ஆழமா?" என்றேன்.
மூச்சை உள்ளுக்கு இழுத்தான்.
வடக்கே ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.
சொல் கிடையாது, கொஞ்சம் காற்று.

ஒருமுறை அமெரிக்கா கூப்பிட்டது.
பெரிய அணியில் பதினொரு ஆட்டம்,
பிறகு ஏதோ ஆலை நகரத்தின் கிளை அணி.
மார்ச்சில் திரும்பிவிட்டான்.
காலணியை வாங்கிப் பார்த்ததும் எனக்குக் கோபம்.
எவனோ அவசரத்தில் தீட்டியிருக்கிறான்,
இரண்டு விளிம்பும் சமமாகவே இல்லை.
ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றுமுறை கல்லில் ஓட்டி
அந்தக் கண்டத்தையே தேய்த்தெடுத்தேன்.

அப்புறம் அந்த ஆட்டம்.
தோற்றால் கீழ்த்தரத்துக்கு இறங்க வேண்டும்.
இரண்டுக்கு இரண்டு. நாற்பத்தேழு நொடி மிச்சம்.
நீலக்கோட்டிலிருந்து குருட்டாம்போக்கில் ஒருவன் அடித்த வட்டு
அவன் இடது கத்தியில் பட்டு
நம் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்தது.
காலையில்தான் நான் தீட்டிய கத்தி.
கண்ணாடித் தம்ளரை நகத்தால் சுண்டிய ஒலி.
நாலாயிரம் பேர் இருந்த அரங்கில்
அது எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது.

மறுநாள் அவன் கார்க் கண்ணாடியின் உறைபனியில்
யாரோ பெரிதாக 'மூன்று' என்று கீறியிருந்தார்கள்.
அதை விட்டுவிட்டு
மேலும் கீழும் மட்டும் சுரண்டி ஓட்டிப்போனான்.
மளிகைக்கடையில் கல்லாப்பெண்
மீதிச் சில்லறையை அவன் கையில் தரவில்லை,
மேடையில் வைத்தாள்.
அவளுக்குப் பின்னால் வரிசையில் நானும் நின்றிருந்தேன்,
பாலும் ரொட்டியுமாக, வாயை மூடிக்கொண்டு.

ஜெர்மனியில் கேட்டார்கள், நார்வேயில் கேட்டார்கள்.
போகவில்லை.
பாதிச் சம்பளம், எண்ணூறு பார்வையாளர்,
ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது மணி நேர பஸ்,
இப்படி ஆறு குளிர்காலம்.
பிராயச்சித்தம் என்று செய்தித்தாளில் எழுதினார்கள்.
எனக்குத் தெரிந்து,
வீடு வாங்கியிருந்தான், கூரை ஒழுகிற்று,
விற்க ஆள் கிடைக்கவில்லை.
அவன் ஆடிய வரை நாங்கள் மேலே ஏறவுமில்லை.
கடைசி ஆட்டம் ஐந்துக்கு இரண்டு, தோல்வி.
பூங்கொத்து யாரோ காரிலேயே மறந்துவிட்டார்கள்.

போன நவம்பரில் பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
மின்வாரிய ஜாக்கெட், காதோரம் நரை,
கம்பத்தில் ஏறி இறங்கிய கைகள்.
ஏரி கட்டிவிட்டதாம், பத்து சென்டிமீட்டர்.
"ஆழமா?" என்றேன், பழக்கத்தில்.
"தட்டையாகவே வை, குன்வோர். இனி எங்கே திரும்பப் போகிறேன்."
சரி என்று கத்தியைத் தடவினேன்.
இடது உள்விளிம்பு
அப்படியேதான் தேய்ந்திருந்தது, புதிதாக, இருமடங்கு.
எதிரே யாருமில்லாத ஏரியில்
எவனைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகிறானோ.
நான் கேட்கவில்லை.
ஆழமாகவே தீட்டிக் கொடுத்தேன்.
கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு
மூச்சை உள்ளுக்கு இழுத்தான்.

அறுபது குரோனா.
இத்தனை ஆண்டும் கழகம் கட்டியது,
அவனிடம் நான் வாங்கியதே இல்லை.
யாரும் பணத்தாள் வைத்திராத இந்தக் காலத்தில்
ஒரு நூறைப் பிரித்து நீட்டினான்.
இழுப்பறையைக் கிளறி நாற்பது தேடினேன், நேரமாயிற்று.
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.