கடைசி டிராமுக்குப் பிறகு

பன்னிரண்டாம் எண் டிராம் போனபிறகுதான்
பிர்னோ நகரில் தரை அடங்கும்.
அதற்காகவே இந்த இரவு வேலை.
நிலவறையில் நானும்
என்னைப்போல் இரண்டு ஆள் உயரக் கருவியும்.
பக்கத்து அறையில் நான் தும்மினால்
அதற்குப் படம் கலங்கும்.

மாலை முழுக்கச் செம்பைக் கரைத்தேன்.
செம்பின் மேல் வளர்ந்த கிராஃபீன்
செம்பு தீர்ந்ததும் தண்ணீரில் மிதக்கும்.
மிதக்கிறது என்று நம்ப வேண்டும்.
பாலாடையாவது கண்ணுக்குத் தெரியும்,
இந்த ஆடைக்கு
நீளம் உண்டு, அகலம் உண்டு,
தடிமன் ஒரே ஓர் அணு.
அடியிலிருந்து வலைத்தகட்டை ஏந்தி
ஒன்றுமில்லாததை அள்ளுவதுபோல் அள்ள வேண்டும்.

இருபத்துமூன்று தகடுகள் கிழிந்தன.
கிழிந்ததும் கைக்குத் தெரியவில்லை.

"க்வெதா, நீ பென்சில் செய்கிற ஊர்க்காரி,
கரி உன் பேச்சைக் கேட்கும் என்று நினைத்தேன்"
என்று ஹினெக் சொல்லிவிட்டுப் பீர் குடிக்கப் போனான்.
கேட்கும்தான்.
ஒரு கோடு இழுத்தால் அடுக்கடுக்காக உதிரும்.
தனியாக ஒன்றே ஒன்று வா என்றால்தான்
இத்தனை பிகு.

இருபத்துநான்காவதில்
இரண்டு ஆடைகளுக்கு நடுவே
ஒரு துளியின் துளி நீர்.
அதற்குள் இரும்பைப் பொத்தி வைத்திருக்கும் புரதம்.
வெற்றிடத்தில் தண்ணீர் நிற்காது என்பார்கள்.
நின்றது.
எலெக்ட்ரான் விட்டுச்சென்ற மின்னேற்றத்தை
இந்த ஆடை தன் வழியே வடித்து அனுப்பிவிடும்.
தன் பெயரை எங்கும் போட்டுக்கொள்ளாது.
கணக்குப் போட்டால் மட்டும்
திரையில் வட்டமாய் ஆறு புள்ளிகள்.
அந்த ஆறையும் அழித்துவிட்டால்
தாங்கியது மறையும்,
தாங்கப்பட்டது படத்தில் நிற்கும்.
அழிப்பதுதான் என் சம்பளம்.

எண்பது கிலோவோல்ட். அதற்கு மேல் போனால்
கரி அணுக்களைத் தட்டிப் பெயர்த்துவிடும்.

மூன்றரை மணிக்குக் கறுப்பு படர்ந்தது.
பார்த்த இடமெல்லாம் மசி.
பனிக்காலத்தில் என் கை வெடிக்கும்,
மதியம் க்ரீம் தடவியிருந்தேன்,
கையுறையை ஒருமுறை மறந்திருப்பேன்.
இவ்வளவு பெரிய கருவிக்கு எதிரி
என் விரலின் எண்ணெய்.
என்னை நானே திட்டிக்கொண்டேன்,
செக் மொழியில் அதற்கு நல்ல சொற்கள் உண்டு.
நீர் குமிழியாகி வற்றியது.
புரதம் போயிற்று.

அணைக்கப் போகும்போதுதான்
ஓரத்தில் ஓர் ஓட்டை.
ஒற்றை ஆடை மட்டும் விரிந்த இடம்,
பத்துப் பன்னிரண்டு அணுக்கள் இல்லாத வெற்று.
கதிரைத் தணித்துவிட்டுச் சும்மா பார்த்தேன்.
விளிம்பு துடித்தது.
எங்கிருந்தோ ஒரு கரி வந்து ஒட்டியது.
இன்னொன்று.
சுற்றிலும் இருந்த கரி
அந்த மசிதான்.
நான் திட்டிய அதே அழுக்கு.
நான்கு இருபதுக்கு ஓட்டை இல்லை.

நேர்த்தியாக இல்லை அந்த ஒட்டு.
அறுகோணம் இருக்க வேண்டிய இடத்தில்
ஓர் ஐங்கோணம், அதை ஒட்டி ஓர் எழுகோணம்,
அவசரத்தில் தைத்த காலுறைபோல் புடைப்பு.
ஆனாலும் மூடியிருந்தது.
கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு
மறுபடியும் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு முதல் டிராம்.
படம் ஒருமுறை குலுங்கியது.
பதிவேட்டில் எழுதினேன்:
தகடு 24. புரதம் கிடைக்கவில்லை. மாசு, என் தவறு.
அதற்குக் கீழே ஒரு வரி
எழுதி, அடித்து,
திரும்பவும் எழுதினேன்.
ஹினெக் வந்து கேட்கட்டும்.